பஸ்ஸுக்குத் தையல் விட்டவள்

கத்தரி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்தது. முப்பத்தோரு வருஷமாகச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறாள் என்பது பாதிக் காரணம். எதிரே நிற்பவர் நாலு முழத்துக்கு இழுக்கிற பேச்சை ஒரே வெட்டில் முடித்துவிடுவாள் என்பது மீதி. வயது ஐம்பத்துமூன்று. அளவு நாடா எந்நேரமும் கழுத்தில்தான். குளிக்கும்போது மட்டும் ஆணிக்குப் போகும்.

யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் டாக்டரிடமே, "ஒரே பக்கமா பை மாட்டாதீங்க, வலது தோள் முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மறந்து திரும்பியவள். கல்யாணம் ஒரு தடவை ஆனது. "அளவெடுக்காம தெச்சது, ரெண்டு வருஷத்துல கிழிஞ்சுது" என்பாள். அதற்குமேல் கேட்டால் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

ஒட்டு உறவு என்று இருப்பது அக்காவும் அத்தானும். அக்கா ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள், இருபத்திரண்டு வருஷம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மழைநாளில் பணிமனைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோயிற்று. இடுப்புக்கு மேலே எதுவும் ஓயவில்லை, வாய் உட்பட.

அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. இந்த ஐந்து வருஷத்தில் அக்கா தரைக்கு இறங்கியது ஏழு தடவை, ஏழும் ஆஸ்பத்திரிக்கு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு அவளே சறுக்குப் பலகை வைத்து மாறிக்கொள்வாள். கழிப்பறைக்குத்தான் வழி இல்லை. அதன் கதவு சக்கர நாற்காலியை உள்ளே விடாது. அத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்கினால் எந்த இடுப்பு தாங்கும்? போன மாதம் அத்தானின் இடுப்பு நகர்ந்துபோய், டாக்டர் இனிமேல் வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை காலியானது. சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்குத்தான் இடம். அத்தானுக்கு அங்கே பார்வையாளர் நேரம்.

அத்தான் மெக்கானிக். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் யாரும் கேட்காமல் நின்ற பழைய பஸ் ஒன்றை ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் உறுமியது. பின்பக்கக் கதவில் சாய்தளம் ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, மின்சாரம், கழிப்பறை இருக்கை, கைப்பிடி எல்லாம் ஆயிற்று. உள்ளே சுவர் மட்டும் இல்லை. பின்பாதி படுக்கை, முன்பாதி சமையல், நடுவில் கழிப்பறை என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு குனியவும் முடியாமல் அந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

பலகை அறுக்க வந்த தச்சர் பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு நேர்க்கோடு உண்டா? மேல வளைவு, பக்கத்துல வளைவு, சக்கரத்துக்கு மேல மேடு. நான் அறுக்கிறவன், ஜோசியம் பார்க்கிறவன் இல்ல. ஒவ்வொரு சுவருக்கும் அட்டையில மாதிரி வெட்டிக் குடுங்க. அதை அப்படியே பலகையில வெச்சு அறுத்துத் தரேன்."

அத்தான் நேராகத் தையல் கடைக்குப் போய்க் கத்தரியின் மேசை முன்னால் நின்றார்.

"வளைவை வெட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்மா."

"நான் அக்குளை வெட்டுவேன் அத்தான். பஸ்ஸை வெட்டினதில்லை."

"அதுவும் அக்குள் மாதிரிதான். கொஞ்சம் பெருசு."

அவள் வெட்டிக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஒரு வாரம் லீவு கேட்டாள். கடை முதலாளி, காய்ச்சலா என்று கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவள் இந்த வார்த்தையை உச்சரித்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்கள். அக்கா கேட்டுவிட்டு நேராக நிபந்தனைக்கு வந்தாள்.

"நல்லா கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். நான் என் கையால சக்கரத்தை உருட்டிப் பின்வாசல்ல ஏறணும், நடுவுல பூந்து முன்னால போகணும், திரும்பணும், அதே மாதிரி வரணும். பின்னால நின்னு யாரும் தள்ளக் கூடாது. கை மாட்டுச்சு, சுவர்ல இடிச்சுதுன்னா நான் இல்லத்துக்குப் போறேன். யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. உங்க ரெண்டு பேர் மனசு நோகக் கூடாதுன்னு நான் இன்னொரு பொந்துல போய் அடைய மாட்டேன்."

"நாற்காலி எவ்வளவு அகலம்?" என்று கேட்டபடியே கத்தரி நாடாவை நீட்டிவிட்டாள். ஒரு சக்கர வளையத்திலிருந்து மறு வளையம் வரை இருபத்தாறு இஞ்ச். பஸ்ஸின் உள்ளகலம் தொண்ணூறு. கழிப்பறைக்கு இந்தப் பக்கம் முப்பத்தொன்று, அதற்கு எதிரே அலமாரிக்கு அந்தப் பக்கம் முப்பத்தொன்று. நடுவே வழி இருபத்தெட்டு. பக்கத்துக்கு ஒரு இஞ்ச் மிச்சம். தாராளம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பஸ்ஸுக்குள் ஏறியவள், பதினொன்றுக்குள் தன்னை மறந்துவிட்டாள். பிரிட்ஜ் வந்த பெட்டி, வாஷிங் மெஷின் வந்த பெட்டி, யார் வீட்டிலோ அலமாரி வந்த பெட்டி என்று அத்தான் தெருத்தெருவாகச் சேர்த்த அட்டைகள் ஒருபுறம் குவிந்திருந்தன. அவள் ஒரு நேர்ச்சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதிலிருந்து மூன்று இஞ்சுக்கு ஒன்றாக அட்டைத் துண்டுகளை வளைந்த சுவரைத் தொடும்வரை நீட்டி, டேப்பால் ஒட்டினாள். விரல் விரலாகப் போய்ச் சுவரைத் தொட்டு நின்றன. சட்டத்தோடு அப்படியே எடுத்துப் பெரிய அட்டையில் வைத்து விரல்நுனிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் பஸ்ஸின் இடுப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, இங்க பாரேன்!" என்று போனில் படம் காட்டினாள். "இடுப்பு வந்திருச்சு!"

"யாரோடது?"

"பஸ்ஸோடது!"

"நல்ல இடுப்பு. உன்னுதைவிட நல்லாயிருக்கு."

அன்றைக்கே ஒரு பாடம். சட்டைக்கு ஒரு பக்கம் வெட்டி, மடித்து மறுபக்கம் வெட்டுகிற பழக்கத்தில் இடதுபக்க அட்டையைத் திருப்பி வலப்பக்கம் வைத்தாள். மேலே ஒரு விரல் நுழைந்தது, கீழே அட்டை பிதுங்கியது. அக்காவிடம் முறையிட்டாள்.

"மக்கு! ஏறுற பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கும். வருஷக்கணக்கா அத்தனை பேரும் அந்தப் பக்கமே தொங்கிக்கிட்டு ஏறினா? ரெண்டு பக்கமும் தனித்தனியா அளவெடு."

"இதுக்கும் ஒரு தோள் இறக்கமா!" என்றாள். பஸ்ஸின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது அவளுக்கு. பேசிக்கொண்டே வேலை செய்ய ஆரம்பித்தாள். "கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடி", "நிமிர்ந்து நில்லு" என்றெல்லாம் பஸ்ஸிடம் சொல்வது வெளியே நின்ற அத்தானுக்குக் கேட்டது. முதலில் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவர் நிமிர்ந்து நின்றார். இடுப்பு சுளீர் என்றது.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினான்கு அட்டைகளும் முடிந்தன. எண் போட்டு, மேல்பக்கம் எது, பலகையின் பளபளப்பு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று எழுதி வரிசையாகச் சாய்த்து வைத்தாள். முதல் அட்டையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. இரண்டாவது வயிறு உப்பி நின்றது. மூன்றாவது முதுகை வளைத்துக்கொண்டு முறைத்தது. எல்லா அட்டையும் சொல்லிவைத்தாற்போல் சுற்றிலும் அரை இஞ்ச் கூடுதல்.

ஒரு நிமிஷம் விழித்தவள், அடுத்த நிமிஷம் நெற்றியில் அறைந்துகொண்டாள். கோட்டின் மேல் வெட்டவில்லை. கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் தள்ளி வெட்டியிருக்கிறாள், பதினான்கையும். முப்பத்தோரு வருஷமாகக் கை அப்படித்தான் போகும். தையலுக்கு அரை இஞ்ச் ஓரம் விடாமல் எந்தத் துணியை வெட்டினாள்?

போனில் அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது.

"சுவருக்குத் தையல் விட்டியாடி! நாளைக்கு பஸ் குண்டானா பிரிச்சு விடறதுக்கா?"

"சிரிக்காதேக்கா. கை தானா போயிருச்சு."

"கீழ மடிச்சுத் தைக்கவும் விட்டியா? வளர்ற பிள்ளை பாரு, அடுத்த வருஷம் லாரி ஆயிடும்!"

இந்தச் சிரிப்புக்கு நடுவில் தச்சர் போன் செய்தார். நாளைக்கு அறுக்கலாமா என்று கேட்டார். கத்தரி மூச்சுவாங்கியபடி, "அறுக்கலாம் அண்ணா. ஆனா எல்லா அட்டையிலயும் சுத்திவர அரை இஞ்ச் கூடப் போட்டுட்டேன். அறுக்கும்போது அரை இஞ்ச் உள்ள தள்ளி அறுத்துடுங்க" என்றாள். தச்சர் சரி என்று தன் பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அவர் எழுதினால் எழுதினதுதான்.

போனை வைத்தாள். அட்டைகளைப் பார்த்தாள். தப்பாக வெட்டின மாதிரியை இன்னொருவர் கையில் கொடுப்பதா? கடையில் ஒரு நாளும் செய்ததில்லை. உடம்பெல்லாம் அரித்தது. சரசரவென்று உட்கார்ந்து பதினான்கையும் கோட்டுக்குச் சரியாக வெட்டித் தள்ளினாள். ஒவ்வொன்றாகச் சுவரில் வைத்தாள். ஒவ்வொன்றும் 'ப்ப்' என்று மெல்லிய சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. கடைசி அட்டை உட்கார்ந்தபோது அவள் பஸ்ஸுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தான் சாய்தளத்தில் நின்று கைதட்டினார். பிரிட்ஜ் படம் போட்ட சுவர், வாஷிங் மெஷின் படம் போட்ட சுவர். பார்க்க வீடு மாதிரியே இருந்தது. அந்தப் பூரிப்பிலேயே அட்டைகளை வேனில் ஏற்றித் தச்சருக்கு அனுப்பிவிட்டாள்.

தச்சருக்கு மறுபடி போன் செய்யவில்லை. நினைவே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பலகைகள் வந்து இறங்கின. ஈரம் தாங்கும் பலகை, வழவழப்பு, மூலையெல்லாம் நயமாகத் தேய்த்திருந்தார் தச்சர். முதல் பலகையைத் தூக்கி இடத்தில் வைத்தார்கள். சுற்றிலும் வெளிச்சம் தெரிந்தது. ஒருபக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் விரல் போயிற்று.

"என்ன அண்ணா, பலகை தொளதொள சட்டை மாதிரி நிக்குது?"

"நீ சொன்ன மாதிரிதான் தங்கச்சி. அட்டைக்கு உள்ள அரை இஞ்ச் தள்ளி, ஒரு நூல் பிசகாம."

கத்தரி பலகையிலிருந்து கையை எடுத்தாள். புதன்கிழமை போன் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் தான் வெட்டினதும் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் செய்யாத போனும் வந்தது. மெதுவாகத் தச்சர் பக்கம் திரும்பினாள்.

"நானும் குறைச்சேன்."

"நீயும் குறைச்சே?"

"நானும் குறைச்சேன், நீங்களும் குறைச்சீங்க."

தச்சர் ஒரு பலகைமேல் உட்கார்ந்தார். அத்தான் சாய்தளத்தில் உட்கார முயன்று இடுப்பு விடாமல் பாதியில் நின்றார். இந்த வகைப் பலகை கடையில் தீர்ந்துவிட்டது, மறுபடி வரப் பதினைந்து நாள். சனிக்கிழமை மதியம் நாளைக்கு வந்துவிடும்.

அழுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. கத்தரி மூக்குவரை வந்ததை உறிஞ்சிவிட்டு, கழிப்பறைக்கும் அலமாரிக்கும் குறுக்கே நிற்கவேண்டிய இரண்டு தடுப்புப் பலகைகளையும் தரையில் கிடத்திச் சுற்றி நடந்தாள். பெரிய துணியில் வெட்டினதைச் சின்னதாக்கலாம், சின்னதாக வெட்டினால் தொலைந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சின்னதாகிப்போன சட்டையை அவள் எத்தனை காப்பாற்றியிருக்கிறாள்! குறையை நாலு பக்கமும் பங்கு வைத்தால் எல்லா இடமும் அசிங்கம். ஒரே இடத்தில் ஒதுக்கிவிட்டால் அதற்கு அலங்காரம் என்று பெயர்.

"அண்ணா, எழுந்திருங்க. ரெண்டு தடுப்பையும் வெளிச்சுவரோட ஒட்டித் தள்ளுங்க. வளைவு வளைவோட உட்காரட்டும். கீழே தரையோட ஒட்டுங்க. இடைவெளி மேல மட்டும் இருக்கட்டும்."

"மேல ஒரு இஞ்ச் இளிக்குமே."

"அதுக்கு நான் துணியில குழாய் தெச்சு, பஞ்சு அடைச்சுச் செருகுறேன். சட்டை ஓரத்துல பைப்பிங் வெச்ச மாதிரி இருக்கும். மத்த பலகை எல்லாத்துக்கும் அப்படியே."

தச்சர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓடுற வண்டியில பலகையை இறுக்கிப் பொருத்தினா உராஞ்சு கத்திக்கிட்டே கிடக்கும். நடுவுல பஞ்சு இருந்தா சத்தமே வராது. இதை நானே சொல்லியிருக்கணும்."

"சொல்லலையே!"

"நீ எங்க பேச விட்டே?"

அன்று முழுக்கச் சுத்தியல் சத்தமும் தையல் மெஷின் சத்தமும் போட்டி போட்டன. மெஷினைப் பஸ்ஸின் படியிலேயே வைத்துக்கொண்டு, மிஞ்சிய சீருடைத் துணியில் முழம் முழமாக நீலக் குழாய் தைத்தாள் கத்தரி. அத்தான் குனிய வேண்டாத வேலையாகப் பஞ்சு அடைத்தார். கொஞ்ச நேரத்தில் காது, மீசை, புருவம் எல்லாம் பஞ்சாகி ஆட்டுக்கிடா மாதிரி நின்றார். தச்சர் அவரைப் பார்த்துவிட்டு ஒரு ஆணியை வளைத்தார்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலு பேர் அக்காவை நாற்காலியோடு இறக்கினார்கள். எட்டாவது தடவையாகத் தரைக்கு வருகிறாள். ஒவ்வொரு படியிலும் யார் கை எங்கே இருக்கவேண்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே இறங்கினாள். பஸ்ஸின் பின்னால் வந்ததும், அங்கே காத்திருந்த தச்சர் உட்பட எல்லாரையும் விலகச் சொன்னாள். சக்கரத்தின் பூட்டைத் தானே எடுத்தாள். சாய்தளத்தில் மூன்று இழுப்பில் ஏறிவிட்டாள்.

படுக்கைப் பகுதியைத் தாண்டினாள். இரண்டு தடுப்புகளுக்கும் நடுவே வந்ததும் நிறுத்தினாள். கத்தரி முன்பக்கம் நின்றுகொண்டு நாடாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பார்க்கமாட்டேன் என்று எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

அக்கா உருட்டினாள். நாற்காலி உள்ளே வந்தது. வளையத்தைப் பிடித்த விரல்முட்டிகள் இரண்டு பக்கமும் பலகையை ஒட்டி, தொடாமல், வழுக்கிக்கொண்டு வந்தன. முழங்கை தாண்டியது. பின்சக்கரம் தாண்டியது. சமையல் பகுதிக்கு வந்து ஒரு கையை நிறுத்தி மறு கையால் இழுத்தாள். நாற்காலி ஒரு அரைவட்டம் போட்டுத் திரும்பி நின்றது.

 அக்கா தன் விரல்முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இங்க வா. நாற்காலியை அளந்தியே, என் கையை அளந்தியா?"

கத்தரி ஓடி வந்தாள். அக்கா வளையத்தைப் பிடித்தபடி இருக்க, ஒரு கை விரல்முட்டியிலிருந்து மறு கை விரல்முட்டிக்கு நாடா வைத்தாள். இருபத்தொன்பது.

"வழி இருபத்தெட்டுதானே விட்டோம்?" என்றாள் அக்கா.

தச்சர் தன் டேப்பை எடுத்துத் தடுப்புகளுக்கு நடுவே வைத்தார். முப்பது. பலகை ஒவ்வொன்றும் ஒரு இஞ்ச் இளைத்து வெளிச்சுவரோடு ஒதுங்கினதில் வழி இரண்டு இஞ்ச் பெருத்திருந்தது. சரியாக அறுத்திருந்தால் அக்காவின் பத்து விரலும் தோல் உரிந்திருக்கும்.

"அப்ப தப்பா வெட்டினதுதான் சரி!" என்றார் தச்சர்.

"ரெண்டு பேரும் சேர்ந்து தப்பா வெட்டினது" என்றாள் கத்தரி. அதற்குமேல் சொல்ல முடியவில்லை. சிரிப்பு பிடித்துக்கொண்டது. மரத்தூள் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தச்சருக்குத் தொற்றியது. எஞ்சினுக்குள் தலை விட்டிருந்த அத்தான், சத்தம் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் பதறி நிமிர்ந்து மூடியில் இடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு? மாட்டிக்கிச்சா?"

"உங்க தலைதான் மாட்டிக்கிச்சு!" என்று அக்கா கத்தினாள். கத்தியபடியே மறுபடி பின்னால் போனாள், முன்னால் வந்தாள், திரும்பினாள். கழிப்பறை வாசலை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, உள்ளே கைப்பிடியை இரண்டு தடவை பலமாக இழுத்துப் பார்த்து, இருக்கைக்கு மாறி, நாற்காலிக்குத் திரும்பி வெளியே வந்தாள். யாரும் தொடவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பிறகு முன்பக்கத்தில் வட்டம் போட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து. "நிறுத்துக்கா, மயக்கம் வரும்" என்று கத்தரி சொன்னாள். "வரட்டும்டி" என்றாள் அக்கா.

ஏழாவது வட்டத்தில் போன் அடித்தது. பராமரிப்பு இல்லத்திலிருந்து. மணி பதினொன்று ஐம்பது. அக்கா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, தலை சுற்றல் அடங்கக் கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க, நான்தான். அந்தப் படுக்கையை வேற யாருக்காவது குடுத்துடுங்க. பாவம், யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க. என்னது, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பணுமா? விலாசம் மாறிடுச்சே. புதுசா? இருங்க."

போனைக் கையால் மூடிக்கொண்டு அத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அடுத்த வாரம் நாம எங்க நிக்கப் போறோம்?"